கோமளாவின் கத்தியும் என் தோல் சக்கரமும்

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையிலிருந்து வீடு திரும்பியவன், வாங்கி வந்த காய்கறியைக்கூடப் பையிலிருந்து எடுத்து வைக்காமல், நேரே சாமான் அறைக்குள் நுழைந்தேன். சுவா சூ காங்கில் நான் தனியாக இருக்கும் வீட்டில் வேண்டாத எல்லாவற்றுக்கும் அதுதான் புகலிடம். ஓடாத மின்விசிறி, மூடி தொலைந்த குக்கர், எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாத நான்கு இரும்புக் கம்பிகள். அத்தனைக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்ததும் குப்பென்று ஒரு வாசனை. தோல், மெஷின் எண்ணெய், இரும்புப் பொடி, அதற்கு மேல் லேசாகப் பூசணம். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அறுபதைத் தொடப் போகிற ஆள் சாமான் அறைக்குள் நின்று ஒரு சக்கரத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்ததை நல்ல வேளையாக யாரும் பார்க்கவில்லை.

சக்கரம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். இரண்டு விரல் கனம், விளிம்பைச் சுற்றிலும் தோல் ஒட்டியிருக்கும். கல்லில் தீட்டிய கத்தியைக் கடைசியாக இதில் கொடுத்துத்தான் கூர் ஏற்றி முடிப்போம். இத்தனை வருடம் தூங்கிக்கொண்டிருந்ததை இப்போது எழுப்பக் காரணம், சந்தையில் வாழை இலைக்காரர் முன்னால், ஒரு காலத்தில் என்னோடு வேலை பார்த்த தேவகி அக்கா சொன்ன ஒரு விஷயம். அதை இப்போதே சொல்லிவிட்டால் 'அட மடையா' என்று என்னைத் திட்டிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள், திட்டுவதற்கு நிறையவே இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு முன்னால் புக்கிட் மேராவில், ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தின் தரைத் தளத்தில், சைவச் சமையல் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்று தீவு முழுக்க எங்கள் அண்டாக்கள் போகும். காய் நறுக்க மட்டும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவர்தான் தேவகி அக்கா. எனக்கு முதலில் லாரியில் ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு நாள் முதலாளி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கத்திய வெளிய குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு. இனிமே எல்லாம் நீயே பாத்துக்க. நீதான் கொஞ்சம் பொறுமையான ஆளு."

என்னைப் பொறுமையான ஆள் என்று அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

பெட்டிக்குள் ஒரு மெஷின். நடுவில் மோட்டார், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியில் நனைந்து சுற்றும் கல், மறு பக்கம் இந்தத் தோல் சக்கரம். கூடவே ஒரு தாள். அதில் தமிழில் ஒரு எழுத்து கிடையாது, வெறும் படமும் அம்புக்குறியும்தான். ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு முழித்தேன். கல்லில் தீட்டினால் கத்தியின் வாயில் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, விரல் வைத்தால் தட்டும். பிசிறோடு விட்டால் நாலு வெங்காயம் நறுக்குவதற்குள் அது மடங்கிக் கத்தி மழுங்கிவிடும். தோலில் கொடுத்தால்தான் பிசிறு உதிர்ந்து வாய் வழவழப்பாகும். ஆனால் ஒன்று, சக்கரம் எப்போதும் கத்தி வாயை விட்டு விலகிப் போகிற திசையில் சுற்ற வேண்டும். வாயை எதிரே காட்டினால் கத்தி தோலுக்குள் இறங்கிவிடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு தடவை செய்தேன், அதற்கும் வருகிறேன்.

மெஷினை அடுப்படியில் வைத்த அன்றைக்கே தகராறு. தலைமைச் சமையல்காரர் வந்து சக்கரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன தோலு?"

"மாட்டுத் தோலுங்கய்யா."

ஏதோ ஒரு தோல் என்று சொல்லியிருக்கலாம். நமக்கு வாய் அப்படி.

"மாட்டுத் தோலா? அபிஷேகத்துக்குப் பால் கறக்கிற மாட்டோட தோல கொண்டாந்து சைவ அடுப்படியில வெச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்கா?"

முதலாளி நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். மெஷின் அடுப்படிக்கு வெளியே, பின்பக்க நடையில் இருக்கட்டும். தோலில் பட்ட கத்தியை அங்கேயே நன்றாகக் கழுவிய பிறகுதான் உள்ளே எடுத்துப் போக வேண்டும். அப்படியே முடிவாயிற்று. தோலோடு சேர்த்து என்னையும் வெளியே போட்டுவிட்டார்கள். அந்த நடையில் ஒரு குழாய், அதன் கீழே சிமெண்டு விளிம்பு வைத்த வாய்க்கால், அடுப்படியிலிருந்து வாய்க்காலைப் பார்க்கிற மாதிரி ஒரு ஜன்னல், என் மேசை, அவ்வளவுதான். மின்சார பிளக் சுவரில் ஒரே இடத்தில் இருந்ததால் நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. குழாயும் வாய்க்காலும் என் முதுகுக்குப் பின்னால். மெஷின் ஓடுகிற இரைச்சலில் பின்னால் எழும் சின்னச் சத்தமெல்லாம் காதில் விழாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா சொல்லக் கூடாது, தோலை நான் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். புதுத் தோல் வறண்டிருக்கும். முதலில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் தடவி ஊற விட வேண்டும். பிறகுதான் மாவு மாதிரி இருக்கிற பாலிஷ் பசையைப் பூசிச் சுற்ற விட வேண்டும். அதிகம் பூசினால் கட்டி தட்டிக் கறுத்துக் கண்ணாடி மாதிரி வழுக்கும், அப்போது கத்தி அதில் சறுக்குமே தவிர ஏறாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அந்தக் கறுப்பை எடுக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. நம் ஊரிலோ சுவரே வியர்க்கும். டிசம்பர் மழையில் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிடும். வெயில் தலை காட்டினால் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டுபோய் லாரி மேல் காய வைப்பேன். "அண்ணன் வத்தல் போட்டிருக்காரு" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

ஒவ்வொருத்தியின் கத்திக்கும் கைப்பிடியில் ஒரு நிற நூல். சிவப்பு தேவகி அக்கா, பச்சை இன்னொருத்தி, இப்படி. கோமளாவுடையது மட்டும் நூல் இல்லை, பூக்கட்டும் வாழை நார். வாரத்துக்கு ஒரு தடவை என்று முறை வைத்திருந்தேன். கத்தியை என் மேசையில் வைத்துவிட்டு நிற்பார்கள், நான் தீட்டி மேசையிலேயே வைப்பேன், எடுத்துக்கொள்வார்கள். யாரும் யார் கையிலும் கத்தியைக் கொடுக்க மாட்டோம். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்று எங்கள் வீடுகளில் சொல்லி வளர்த்திருந்தார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

கோமளா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து நாலு இருக்கும், எனக்கு இருபத்தெட்டு. முதல் தடவை அவள் என் பின்னால் வந்து நின்றபோது ஒரு கத்தியைத் தோலில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்க, கத்தி."

திரும்பிப் பார்த்தேன். பார்த்ததில் என் கையும் திரும்பிவிட்டது. டக்கென்று ஒரு சத்தம். கத்தி வாய் தோலுக்குள் இறங்கி, குறுக்கே ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், பயத்தில் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். கிழிசலைப் பசை போட்டு ஒட்டினேன், ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் கத்தியில் பட்டு டக், டக் என்று சொல்லும்.

மற்ற பெண்கள் எல்லோரும் என்னை 'அண்ணே' என்பார்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட. கோமளா ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க', 'பாருங்க', 'என்னங்க இது' என்பதோடு சரி. மரியாதை தெரியாத பெண் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் எப்பேர்ப்பட்ட புத்திசாலி என்பதற்கு இது முதல் சான்று, இன்னும் இருக்கிறது.

கூர் பார்க்க நான் இடது கை முடியைச் சிரைத்துப் பார்ப்பது வழக்கம். முழங்கைக்குக் கீழே பொட்டு முடி இருக்காது. ஒரு நாள் அவள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள், "என்னங்க இது, கைக்கு மட்டும் மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். அன்று முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. காலை பத்தரை ஆனால் காது தானாகப் பின்பக்கம் போய்விடும். ஏனென்றால் மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால், அவள் தினமும் வர ஆரம்பித்தாள்.

தினமும் கத்தி மழுங்கிப்போய்த்தான் வந்தாள்.

"தாங்கல லா. நேத்துதான் தீட்டினீங்க, இன்னிக்கு மொக்கையாச்சு."

எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வாய் முழுக்கப் பொடிப் பொடியாக உடைந்து பல் விழுந்திருக்கும். "என்னத்த வெட்டுறீங்க, கல்லையா?" என்று கேட்டால் சிரிப்பாள். "பூசணிக்காய்தான். உங்க சக்கரம் சரியில்லையோ என்னவோ."

உங்க சக்கரம் சரியில்லையோ! அந்தச் சொல் நேரே நெஞ்சில் தைத்தது. ஒரு பக்கம் அவள் தினமும் வருவது சந்தோஷம், மறு பக்கம் நான் வைத்த கூர் நிற்கவில்லை என்பது மானக்கேடு. கொஞ்சம் விவரமானவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? கத்தியை அரைகுறையாகத் தீட்டிக் கொடுத்து, நாளைக்கும் வா என்று சும்மா இருந்திருப்பான். அந்தத் தந்திரம் எனக்கும் ஒரு நாள் தோன்றியது. ஆனால் கையில் கத்தியை எடுத்துவிட்டால் அரைகுறையாக விட மனசு கேட்காது. பிசிறு முழுக்கப் போகும்வரை தோலில் கொடுத்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

சக்கரத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்து, பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். எண்ணெயை மாற்றினேன். பசையை மாற்றினேன். தோலைப் பிரித்துத் திரும்ப ஒட்டினேன். தேவகி அக்காவின் கத்தி பத்து நாள் தாங்கியது, கோமளாவின் கத்தி மறுநாளே மொக்கை. சரி, காய்தான் காரணம் என்று நினைத்துத் தலைமைச் சமையல்காரரிடம் போய் நின்றேன். "அந்தப் பொண்ணுக்குப் பூசணி வேணாங்கய்யா, பீன்ஸ் குடுங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோமளாவைப் பீன்ஸுக்கு மாற்றினார். மறுநாள் பத்தரைக்கு அவள் வந்தாள். கத்தியில் அதே பல். பீன்ஸ் நறுக்கினால் கத்திக்குப் பல் விழுமா என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் காத்தோங் கோயிலில் ஓர் அன்னதானம். ஆள் குறைவென்று என்னையும் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் முடிந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது கோமளா பரிமாறினாள். பட்டுப்பாவாடை தாவணியெல்லாம் இல்லை, வேலைச் சட்டையோடுதான், தலையில் மட்டும் கொஞ்சம் மல்லிகை. என் இலையில் கூட்டைப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள், "பீன்ஸெல்லாம் கோணல் கோணலா இருக்கு பாருங்க. எல்லாம் உங்க சக்கரம் பண்ற வேலை." நான் அந்தக் கூட்டை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே என்ன யோசித்தேன் தெரியுமா? இரும்பு. அவள் கத்தியின் இரும்புதான் மட்டமான இரும்பு!

மறு வாரமே முதலாளியை நச்சரித்து நல்ல இரும்பில் ஒரு புதுக் கத்தி வாங்க வைத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தீட்டினேன். அதற்கென்றே தோலில் புதுப் பசை. முடி என்ன முடி, காற்றையே வெட்டும்போல் இருந்தது. பழைய கத்தியில் இருந்ததுபோலவே இதிலும் வாழை நார் கட்டினேன். பத்தரைக்கு அவள் வந்தாள். நான் எழுந்து நின்றேன். எவ்வளவு பெருமை எனக்கு!

"இந்தக் கத்தி ஆறு மாசத்துக்கு அசையாது. இனிமே நீங்க இங்க வரவே வேணாம்."

அவள் கத்தியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கையில குடுங்க."

"கையில குடுக்கக் கூடாது, சண்டை வரும்."

"வரட்டுமே."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கத்தியை மேசையில் வைத்தேன். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவள் அதைத் தாழ்த்திக் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். குழாயில் கழுவுகிற சத்தம் கேட்டது. அன்று நெடுநேரம் கேட்டது.

அப்புறம் அவள் வரவில்லை. பார்த்தீர்களா, நம் கூர் அப்படி, என்று இரண்டு நாள் மார் தட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் பத்தரைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்குண்ணே" என்றாள். அண்ணே! முதல் தடவையாக மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. வருடம் முடிவதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டாள். கல்யாணம் என்றார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை.

எனக்கும் பெண் பார்த்தார்கள், ஒன்றும் அமையவில்லை. கோமளாவால்தான் என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பஜ்ஜித் தட்டோடு வந்து நின்ற பெண்ணிடம் 'உங்க சக்கரம் சரியில்லையோ' என்கிற குரலைத் தேடினேன் என்பது உண்மை. பின்னாளில் சமையல் கூடம் வேறு இடத்துக்கு மாறியது. மெஷினைத் தூக்கிப் போட்டார்கள், நான் தோல் சக்கரத்தை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தேவகி அக்காவுக்கு எண்பதை நெருங்கிவிட்டது, இன்னும் தானே சந்தைக்கு வருகிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தனியாவே இருந்துட்டியே லா. அப்பவே அந்தப் புள்ளய வேணாம்னு சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"எந்தப் புள்ளக்கா?"

"கோமளா. வேற யாரு? தெனம் உன்கிட்ட வர்றதுக்கு முன்னால அந்த வாய்க்கா ஓரத்துச் சிமெண்டுல கத்தி வாய வெச்சு நாலு இழுப்பு இழுக்கும். நாங்க ஜன்னல்ல பாத்துச் சிரிப்போம். உனக்குத் தெரியாத மாதிரி கேக்குற?"

வாழை இலைக்காரர் பாக்கிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

அக்கா என் கையை விட்டுவிட்டார். "ஐயோ, நாங்க எல்லாரும் நீ தெரிஞ்சேதான் சொன்னேன்னு நெனச்சோம். புதுக் கத்திய வெச்சுட்டு இனிமே வராதேன்னுட்டானேன்னு அந்தக் கொழாய்ல மூஞ்ச கழுவிக் கழுவி அழுதுச்சு. நாந்தான் உள்ள கூட்டிட்டு வந்தேன்."

இப்போது பெர்த்தில் மகனோடு இருக்கிறாளாம், பேரப்பிள்ளை எடுத்துவிட்டாளாம். நன்றாக இருக்கிறாள் என்று கேட்க மனசு நிறையத்தான் செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக இந்த முப்பது வருடமும் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சக்கரத்தின் பூசணத்தைத் துணியால் துடைத்தேன். நாலு சொட்டு எண்ணெய் விட்டேன், தையல் மெஷின் எண்ணெய்தான் வீட்டில் இருந்தது. வறண்டு கிடந்த தோல் உடனே குடித்துவிட்டது. விரலால் தடவிக்கொண்டே போனபோது அந்தக் கிழிசல் தட்டியது. எதற்கு இதெல்லாம் செய்கிறேன், சுற்ற மோட்டாரா இருக்கிறது, என்று என்னையே கேட்டுக்கொண்டு திரும்பச் சுற்றி வைத்தேன்.

மறுநாள் ரயிலேறிப் புக்கிட் மேராவுக்குப் போனேன். அந்தக் கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் உயரமாகப் புது வீடுகள், கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடம், தரையில் மெத்தென்று ரப்பர். நடை எங்கே இருந்தது, குழாய் எங்கே இருந்தது என்று குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை. ஒரு நாளைக்கு நாலு இழுப்பு என்றால் அந்தச் சிமெண்டு விளிம்பில் எத்தனை கோடு விழுந்திருக்கும்! தினமும் வேலை முடிந்ததும் அந்த விளிம்பில் நின்றுதான் என் ரப்பர் பூட்ஸைக் கழுவுவேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், குனிந்து பார்த்திருக்கலாம்.